பூட்டிய கதவைத் தட்டுகிறவர்

என் கணவரின் அக்காவுக்கு எங்கள் பகுதியில் இரண்டு பெயர்கள். பாலர் காப்பகத்துக் குழந்தைகள் ‘ஆயாம்மா’ என்று கூப்பிடும். பெரியவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘பூட்டு’ என்பார்கள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு நிற்கிறோம். அவருக்கு எது எங்கே வலிக்கும் என்று அவருடைய சொந்தத் தம்பியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் அதிகம் பேசமாட்டேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. வீட்டிலிருந்தபடி சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறேன். கை பழகிவிட்டால் கண்ணும் காதும் சும்மாதான் இருக்கும். அதனால் அக்காவுக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்தே பார்த்தேன். தெருமுனை ஒலிபெருக்கி சொன்ன கதை வேறு. பாதிப் பேர் அதைத்தான் இன்னும் நம்புகிறார்கள்.

அக்கா கல்யாணமாகிப் போன வேகத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவர். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: “சரிப்பட்டு வரல, வந்துட்டேன்.” பிறகு காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தம்பியைப் படிக்க வைத்து, அவனுக்குப் பெண் பார்த்து, என்னைக் கொண்டுவந்து சேர்த்தார். “பேசாத பொண்ணா பார்த்தேன். எங்க வீட்டுல பேசுறதுக்கு நான் ஒருத்தி போதும்” என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார்.

காப்பகத்தில் அவருடைய வேலை மூக்குத் துடைப்பது, பால் ஊற்றுவது, முக்கியமாகத் தூங்க வைப்பது. வரிசையாகப் பாய் விரித்து, ஒரு அறை நிறைய குழந்தைகளை வாய் திறக்காமல் தூங்க வைத்துவிடுவார். எது நிஜத் தூக்கம், எது நடிப்பு என்று கால் விரலைப் பார்த்தே சொல்வார். தூங்குகிறவர்களை எழுப்பக்கூடாது என்பதில் மகா பிடிவாதம். காப்பகத்தைப் பார்வையிட வந்த மேலதிகாரியையே வாசலில் நிறுத்தி, “செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார், சத்தம் வருது” என்று சொன்னவர்.

இப்படிப்பட்டவர் போய் ஒரு மாடி முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்த ஆட்களை ஆளே இல்லை என்று எழுதினார் என்றால், சிரிப்பதா அழுவதா?

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிற வேலை எப்போதும் காப்பகத்துக்காரர்கள் தலையில்தான் விடியும். மதியம் குழந்தைகளை அனுப்பிவிட்டு, ஒரு பையும் குடையுமாகக் கிளம்ப வேண்டும். வாசல் வாசலாகக் கூப்பிட்டு யார் இருக்கிறார்கள், யார் செத்துப்போனார்கள், யார் வீடு மாற்றினார்கள், யாருக்கு வயது வந்தது என்று கேட்டு எழுத வேண்டும். பார்த்து முடித்த வீட்டின் கதவு நிலையில் சாக்பீஸால் ஒரு கோடு. பூட்டியிருந்தால் ஒரு வட்டம். மூன்று முறை போயும் வட்டம்தான் என்றால், பக்கத்தில் விசாரித்து, கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டி, அதற்கும் பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடலாம். இதுதான் விதி.

அந்த முறை அலுவலகத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லி அனுப்பினார்கள். காரணம், மைக். இது ஒருவருடைய பட்டப்பெயர். நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுபவர். எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சிக்குத் தொண்டையே அவர்தான். அதற்கு முந்தின தேர்தலில் அவருடைய ஆள் தோற்றபோது, “செத்தவனெல்லாம் எழுந்து வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிருக்கான்” என்று ஒரு மாதம் கத்தினார். அதனால்தான் இந்த முறை சந்தேகமான பெயர் ஒன்றுகூடப் பட்டியலில் இருக்கக்கூடாது என்று உத்தரவு.

ரொட்டிக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. கீழே படிக்கட்டுக்கு அடியில் இஸ்திரிக்காரர். மேல்மாடியில் ஒரே வரிசையாக அறைகள். அக்கா மூன்று முறை போனார். மூன்று முறையும் வரிசையாகப் பூட்டு. கடைசி முறை நானும் தேய்க்க வேண்டிய சட்டைகளோடு கூடப் போயிருந்தேன்.

“மேல யாருண்ணே இருக்கா?” என்று அக்கா கேட்டார்.

“யாருமே இல்லம்மா. எப்பப் பாரு பூட்டுதான்” என்றார் இஸ்திரிக்காரர், பெட்டியிலிருந்து கையை எடுக்காமல்.

“எப்பவாச்சும் வருவாங்களா?”

“நான் பார்த்ததில்ல.”

அக்கா வட்டம் போட்டார், மாடிக்கு மொத்தமாக ஓர் அறிவிப்பை ஒட்டினார், காத்திருந்தார். பதில் வரவில்லை. பெயர்களை எடுத்தார்கள்.

தேர்தல் வந்தது. வட்டார உறுப்பினர் பதவிக்கு நின்ற மைக்குடைய ஆள் மறுபடியும் தோற்றார். ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய அளவு ஓட்டுதான் வித்தியாசம். போன முறை பட்டியலில் ஆள் அதிகம் என்று கத்தியவர், இந்த முறை குறைவு என்று கத்தத் தொடங்கினார். நீக்கப்பட்ட பெயர்களை எங்கிருந்தோ வாங்கி வைத்துக்கொண்டு, எங்கள் தெருமுனையிலேயே ஒலிபெருக்கியைக் கட்டினார்.

“ஒரு மாடி ஓட்டையே காணோம்! யார் தின்னது? குழந்தைக்குப் பால் ஊத்துற கை! அந்தக் கைதான் நம்ம ஓட்டையும் ஊத்தி மூடிருச்சு! எவ்வளவு வாங்கினேன்னு அந்த அம்மா வந்து சொல்லட்டும்!”

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் பேசுறான். குடிக்கத் தண்ணி கிண்ணி குடுத்தாங்களா தெரியல” என்றார்.

எனக்குத்தான் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது. கேள்விகள் தயாராகத்தான் இருந்தன. வாய்தான் வரவில்லை. ஊசியைத் துணியில் குத்தினால் அது என் விரலில் ஏறியது.

தேர்தல் செல்லாது என்று மைக் மனுவும் கொடுத்தார். இரண்டு நாளில் உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை அக்கா காப்பகத்துக்கு வரக்கூடாது. மறுநாள் காலை வழக்கம்போலக் குளித்து, தலை வாரி, செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. செருப்போடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். தினமும் குழந்தையை அவர் இடுப்பில் ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடுகிற பெண் ஒருத்தி எங்கள் வாசலைக் கடக்கும்போது தெருவின் அந்தப் பக்கம் போனாள். குழந்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

அன்று சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். அவர் ஜெயித்த கட்சிக்காரர். கடையில் அவர் பேசும்போது காய்ச்சல்காரர்களுக்குப் பாதி காய்ச்சல் இறங்கிவிடும், அவ்வளவு இதமாகப் பேசுவார்.

“என்ன தங்கச்சி, சாப்பிடுறீங்களா தூங்குறீங்களா? இதுக்கெல்லாம் மனசை விடலாமா? விசாரணைன்னா ஒண்ணுமே இல்ல. பேர் போனவங்க நேர்ல வந்து ‘நான் இருக்கேன்’னு சொல்லணும். வந்தா பேரைச் சேர்த்து அந்த ஓட்டுச்சாவடிக்கு மறுபடி தேர்தல். வரலன்னா மனு தள்ளுபடி.”

“வருவாங்களா?”

“எங்க வர்றது? மைக்கே போய்ப் பார்த்துட்டு வந்துட்டான். பூட்டு தொங்குது. அதுக்கும் நாங்கதான் ஊரை விட்டு விரட்டிட்டோம்னு சொல்றான், அது வேற விஷயம். நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. பூட்டிருந்துச்சு, எழுதினேன். இதுக்கு மேல கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். மறுநாளே வேலைக்குப் போகலாம்.”

“அங்க நிஜமாவே ஆள் இருந்தா?”

“இருந்தா இந்நேரம் வந்திருக்க மாட்டாங்களா? உங்களுக்கு எதுக்குத் தங்கச்சி அந்த ஆராய்ச்சி?”

அவர் போன பிறகு அக்கா பட்டியல் பையை எடுத்து, திறக்காமலே திரும்ப ஆணியில் மாட்டினார்.  

மறுநாள் மதியம் சட்டைகளை எடுத்துக்கொண்டு இஸ்திரிக்காரரிடம் போனேன். ஆளைக் காணோம், டீ குடிக்கப் போயிருப்பார். சுவரோரமாக நின்றேன். தோள்மேல் தண்ணீர் சொட்டியது. மழையா என்று அண்ணாந்து பார்த்தேன். மேல்மாடியில், பூட்டு தொங்கிய அறைகளில் ஒன்றின் ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு கைகள் ஒரு துணியைப் பிழிந்துகொண்டிருந்தன. பிழிந்து, உதறி, கம்பியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டன.

சட்டைகளை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஓடவில்லை. ஓடினால் நாலு பேர் பார்ப்பார்கள்.

“அக்கா, பூட்டின வீட்டுல துணி பிழியுறாங்க.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் தோள் ஈரமாக இருந்தது. குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினார்.

மேல்மாடி நடை வெறிச்சென்று இருந்தது. நிலைகளில் அக்கா போட்ட வட்டங்கள் பாதி அழிந்து அப்படியே இருந்தன. அந்த அறைக்கு முன்னால் போய் நின்று, பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளே பாய் சரசரத்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் குரல்: “இஸ்திரியண்ணே, அதுக்குள்ள நேரம் ஆயிடுச்சா?”

அக்கா பூட்டைக் கையிலிருந்து விட்டார். அது கதவில் மோதி ஆடியது.

விஷயம் இதுதான். அந்த மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற பெண்கள். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் எழுந்து போவார்கள். பகலில் சோப்பு விற்பவர், துணி விற்பவர், விளையாட்டுக்குத் தட்டிவிட்டு ஓடுகிற பிள்ளைகள் என்று கதவு ஓயாமல் அடிபட்டதால், அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். எல்லோரும் வந்து படுத்ததும் இஸ்திரிக்காரர் மேலே போய் வரிசையாக வெளியே பூட்டிவிடுவார். சாயங்காலம் வந்து திறந்துவிடுவார். அவசரத்துக்கு ஒரு சாவி உள்ளேயும் இருக்கும். ஜன்னல் வழியாக அவருக்குப் போட்டால் திறப்பார். பூட்டைப் பார்த்தால் யாரும் தட்டமாட்டார்களாம்.

இஸ்திரிக்காரர் அதற்குள் வந்துவிட்டார். அக்கா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் இரண்டு படி இறங்கி நின்றார்.

“யாருமே இல்லன்னு சொன்னீங்களே அண்ணே?”

“யார் கேட்டாலும் அப்படிச் சொல்லுன்னு இவங்கதாம்மா சொன்னாங்க. நீங்களும் பையும் குடையுமா வந்தீங்களா, சோப்பு விக்கிறவங்கன்னு நெனச்சுட்டேன்.”

“பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேனே!”

“சோப்புக்காரங்களும்தான் பட்டியல் வெச்சிருக்காங்க.”

“சரி, கதவுல ஒட்டின அறிவிப்பு எங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். “அது நல்ல கெட்டித் தாளா இருந்துச்சும்மா. ஒரு சட்டைக்குள்ள வெச்சு மடிச்சுக் குடுத்துட்டேன்.”

எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஊரே அக்காவைத் திருடி என்கிறது. காரணம் எந்தக் கட்சியும் இல்லை, பணமும் இல்லை, யாருடைய சட்டைக்குள்ளோ விறைப்பாக இருக்கிற ஒரு தாள்.

பூட்டைத் திறந்ததும் ஒரு பெரிய பெண்மணி வெளியே வந்தார். மாவு பிசைகிற பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வை என்பதால் எல்லோரும் சூப்பர்வைசர் என்று கூப்பிட்டார்கள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“ஷிப்டு முடிஞ்சு தூங்காம ஓட்டுப் போட வந்து நின்னோம். பேரே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆபீஸ்ல போய்க் கேளுன்னாங்க. ஆபீஸ் திறக்குறப்ப நாங்க தூங்குறோம், நாங்க எழுந்திரிக்கிறப்ப அவங்க மூடுறாங்க. எங்க பேரை எடுத்தது நீங்கதானா?”

“நான்தான்.”

“எதுக்கு எடுத்தீங்க?”

“பூட்டிருந்துச்சு.”

“பூட்டிருந்தா செத்துப் போயிட்டோம்னு அர்த்தமா?”

அக்கா நிலையில் இருந்த வட்டத்தை முந்தானையால் துடைத்தார். 

பக்கத்து அறைகளிலிருந்தும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். மைக் பேசியதைக் கம்பெனியில் யாரோ சொல்லியிருந்தார்கள் போல. “எங்க ஓட்டுன்னு கத்துறாராமே அந்த ஆளு? நாங்க யாருக்குப் போடுவோம்னு அவருக்கு யாரு சொன்னா? எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது!” என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் கொட்டாவிக்கு நடுவில் சிரித்தார்கள்.

அக்கா விசாரணை நாளைச் சொல்லி, வரும்படி கேட்டார்.

“பகல்லயா?” என்றார் சூப்பர்வைசர். “உங்களை நடு ராத்திரியில வந்து எழுப்பினா எப்படி இருக்கும்? சரி, நாங்க வந்தா உங்களுக்கு என்ன லாபம்?”

“ஒண்ணும் இல்ல. நீங்க வந்தா நான் எழுதினது தப்புன்னு ஆயிடும். வேலை போனாலும் போகும்.”

“அப்புறம் எதுக்கும்மா கூப்பிடுறீங்க?”

 “நீங்க இருக்கீங்களே” என்றார் அக்கா.

வீட்டில் என் கணவர் குதித்தார். அவர் டயர் கடையில் வேலை செய்கிறவர். கோபம் வந்தால் குரலும் காற்றடிக்கிற மோட்டார் மாதிரி ஏறிக்கொண்டே போகும்.

“உனக்கு என்ன பைத்தியமாக்கா? அவங்க வரலன்னா உனக்கு வேலை இருக்கு. வந்தா வேலை போச்சு. நீயே போய்த் தாம்பூலம் வெச்சுக் கூப்பிட்டுட்டு வர்ற!”

“அவங்க பேரை எடுத்தது நான்டா.”

“விதிப்படிதானே எடுத்த?”

“விதிப்படிதான் எடுத்தேன். ஆளு உள்ளதான் இருந்துச்சு.”

“உனக்கு வேலை வேணுமா, அவங்க பேரு வேணுமா?”

“ரெண்டும் வேணும்.”

“ரெண்டும் கிடைக்காது!”

“அது எனக்கும் தெரியும்டா. கத்தாத, பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது.”

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். கத்துகிறவர் மேல் ஒரு கோபம், கத்த வைக்கிறவர் மேல் ஒரு கோபம். அக்கா அந்தக் காப்பகத்தை விட்டால் வேறு என்ன செய்வார்? பட்டன் தைக்க அவருக்குக் கண் போதாது. நான் பேசாமல் இரண்டு தட்டில் சோறு போட்டேன். இரண்டு தட்டும் காய்ந்தன.

விசாரணை அன்று அந்தப் பெண்கள் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வரக்கூடாது என்றும் கொஞ்சம் நினைத்தேன். ஆனால் வந்தார்கள். ஷிப்டு முடிந்து கம்பெனி வண்டியில் நேராக வந்து இறங்கினார்கள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. புருவத்தில் மாவு. அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. நடையில் இருந்த நீளப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

மைக் ஒரு மூலையிலிருந்து கையைக் கூப்பிக்கொண்டு வந்தார். “வாங்க, வாங்க. நம்ம ஆளுங்க!”

“யாருங்க நீங்க?” என்றார் சூப்பர்வைசர்.

மருந்துக்கடைக்காரர் மறு மூலையில் நின்றார். அவர்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த இதம் அப்படியே வடிந்துபோனது. அக்காவைப் பார்த்து, “நல்லா இருங்க தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். அதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, அதற்குத் திட்டியே இருக்கலாம்.

திறக்க வேண்டிய நேரத்துக்கு வெகுநேரம் கழித்துக் கிளார்க் வந்தார். சாவியைத் தேடினார். மின்விசிறியைப் போட்டார். டீ வந்தது. அதிகாரி வந்தார். அதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, ஒரே ஆள் மாதிரி தூங்கிப் போனார்கள். முதலில் அக்காவைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

“தூங்கட்டும், பாவம். கூப்பிடுறப்ப நீ எழுப்பிக்கோ” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் கிளார்க் கதவருகில் வந்து நின்றார். கையில் இருந்த தாளைப் பார்த்தபடியே ஒரு வரிசை எண்ணைச் சொன்னார். மின்விசிறிச் சத்தத்தில் அது எனக்கே பாதிதான் கேட்டது. நான் எழுந்து சூப்பர்வைசரின் தோளைத் தொட்டேன். அசையவில்லை. குலுக்கினேன். தலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சாய்ந்தது. கிளார்க் மறுபடி எண்ணைச் சொன்னார், மறுபடியும் சொன்னார், நிமிராமலே ஏதோ எழுதினார். அடுத்த எண்ணுக்குப் போனார். அதற்கும் எழுதினார்.

என்ன எழுதுகிறார் என்று எனக்குப் புரிந்துபோனது.  நடை நிறைய ஆண்கள் நின்றார்கள்.

“இருக்காங்க!” என்றேன்.

அது என் குரல் மாதிரியே இல்லை. நடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மைக்கே திடுக்கிட்டார்.

கிளார்க் தலையைத் தூக்கினார். “இருந்தா கூப்பிட்டப்ப ஏன் பதில் சொல்லல?”

“தூங்குறாங்க.”

“தூங்குறதுக்கு இது என்ன சத்திரமா? வரலன்னு எழுதியாச்சு.”

“மாத்தி எழுதுங்க.”

“மாத்துறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லம்மா.”

“எழுதுறதுக்கு மட்டும் இருக்கா?” என்றேன். சொன்ன பிறகு உட்கார்ந்துவிட்டேன். 

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். பின்னாலேயே அக்கா. கிளார்க் கையில் தாள், பெஞ்சில் தூங்குகிற ஆட்கள், பக்கத்தில் நான். அக்கா ஒரு தடவை பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். எத்தனையோ நாளாக நான் கேட்காத சிரிப்பு.

“நானும் இதைத்தான் சார் செஞ்சேன்” என்றார். “கூப்பிட்டேன், பதில் வரல, எழுதிட்டேன்.”

அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பெஞ்சைப் பார்த்தார். “எழுப்புங்க. முதல்ல இருந்து கூப்பிடச் சொல்றேன்” என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, “அதனால உங்க மேல தப்பு இல்லன்னு ஆயிடாது” என்றார்.

“நான் அப்படிச் சொல்லலையே சார்.”

அக்கா குனிந்து, சூப்பர்வைசரின் செருப்பைக் கழற்றி, உள்ளங்காலில் ஒரு விரலால் மெல்லக் கோடு இழுத்தார். காப்பகத்தில் குழந்தைகளை அப்படித்தான் எழுப்புவார். சூப்பர்வைசர் கண்ணைத் திறந்து, “வண்டி வந்துருச்சா?” என்றார்.

பெயர்கள் திரும்ப வந்தன. அந்தச் சாவடிக்கு மறு தேர்தல் நடந்தது. இந்த முறை மைக்குடைய ஆள் ஜெயித்தார். அத்தோடு விட்டார்களா? மறுவாரமே மருந்துக்கடைக்காரர் தெருமுனையில் கூட்டம் போட்டார். “போன தடவை இல்லாத ஆளுங்க இந்தத் தடவை எங்கேயிருந்து முளைச்சாங்க? பேரை எடுத்த அதே கைதான் பேரைச் சேர்த்திருக்கு! எவ்வளவு வாங்கினாங்கன்னு அந்த அம்மா வந்து சொல்லட்டும்!” எங்கள் பகுதியில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கிடைப்பது ஒரே கடையில்தான். மைக்கே வந்து கம்பி இழுத்து மாட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

மைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கதையில், திருடின ஓட்டை அவர்தான் போராடி மீட்டார். அக்கா இன்னும் திருடிதான். ‘பூட்டு’ என்ற பெயரையும் அவர்தான் மேடையில் வைத்தார். அது பசை மாதிரி ஒட்டிக்கொண்டது.

விசாரணையில் கவனக்குறைவு என்று முடித்தார்கள். வேலை போகவில்லை. ஆனால் இந்தக் காப்பகத்திலிருந்து எடுத்து, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு காப்பகத்தில் போட்டார்கள். அங்கே குழந்தைகள் புதுசு. கால் விரல் அவருக்கு இன்னும் பிடிபடவில்லையாம். இங்கே புதிதாக வந்த பெண் குழந்தைகளைத் தூங்க வைக்க ரேடியோ போடுகிறாள். தெரு முழுக்கக் கேட்கிறது.

இதில் பெரிய கூத்து, அடுத்த முறை பட்டியல் வேலை வந்தபோது எங்கள் பகுதியை மறுபடி அக்கா தலையிலேயே கட்டியதுதான். வேறு யாரும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்களாம். நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்: “முடியாதுன்னு சொல்லுங்கக்கா. உங்களைத் திருடின்னு சொன்ன தெருவுல நீங்க எதுக்கு நாய் மாதிரி அலையணும்?”

“அடேயப்பா, ஒரு தடவை ஆபீஸ்ல கத்துனதுல இருந்து உனக்கு வாய் வந்துருச்சு” என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டே சொன்னார்: “வேற யாராச்சும் போனா பூட்டைப் பார்த்துட்டு வந்துடுவாங்கடி.”

இப்போதெல்லாம் அவர் பூட்டிய கதவையும் தட்டுகிறார். திறந்த வீட்டில் ஒரு தடவை கூப்பிட்டால், பூட்டிய வீட்டில் இரண்டு தடவை. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். “பூட்டு வந்து பூட்டைத் தட்டுது பாரு” என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரிக்கிறார்கள். கூடப் போகிற எனக்குத்தான் முகம் எரிகிறது. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வாரம் சந்தின் கோடியில் ஒரு வீடு. வெளியே பெரிய பூட்டு, தூசி படிந்த படி. அக்கா தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார். வெயில் தாங்கவில்லை. கணக்கு எழுத அவர் காப்பகத்துக்குத் திரும்ப வேண்டிய பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. “போதும்க்கா, இங்க நிஜமாவே ஆள் இல்ல, வாங்க” என்று பையைப் பிடித்து இழுத்தேன். அவர் பூட்டைத் தள்ளிவிட்டு மூன்றாவது முறையும் தட்டினார்.

“யாரும் இல்ல, போங்க!” என்று உள்ளேயிருந்து எரிச்சலாக ஓர் ஆண் குரல் வந்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து சாக்பீஸை எடுத்து நிலையில் ஒரு கோடு போட்டார். பட்டியலை விரித்தார்.

“எத்தனை பேரு இல்லன்னு சொல்லுங்க தம்பி, எழுதிக்கிறேன்.”

உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

“நாலு பேரு” என்றது அந்தக் குரல்.